அருவிக்கு மேலே இருக்கும் காடு

(தென்காசியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உள்ளூர்க் காடுகளில் நலச் சுற்றுலாவை நிலைத்து நிற்கும்படி வளர்ப்பது எப்படி என்பது எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. இதைத் தென்காசிக்கு வந்து பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது மாதிரி. ஆனி மாதம் சாரல் விழுந்துவிட்டால், உடம்பு தேறட்டும் என்று காட்டுத் தண்ணீருக்குத் தலையைக் கொடுக்க வரும் ஜனங்களை இந்த ஊர் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துவருகிறது. திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சி பாடியது இந்தக் குற்றால மலையைத்தான். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் ஜாதிக்காயும் கிராம்பும் வைத்துப் பார்த்தது இந்த அடிவாரத்தில்தான். ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1830-களில் செடிசெடியாகச் சேகரித்ததும் இங்கேதான். ஆகவே நலச் சுற்றுலா என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்கப் போவதில்லை. அதில் எது முந்த வேண்டும், எது பிந்த வேண்டும் என்ற வரிசையைப் பற்றி மட்டும் பேசுகிறேன். காட்டின் நலம் முதலில், வருகிறவரின் நலம் அடுத்து, வருமானம் அதற்கும் அடுத்து. இதுதான் என் கட்சி. இந்த வரிசை மாறிய இடங்களில் மூன்றுமே கெட்டிருக்கின்றன.

அருவியில் குளிக்கிறவர் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். மேலே பார்க்க முடியாது. ஆனால் குற்றாலத்தின் சங்கதி முழுவதும் மேலேதான் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக நுழைகிறது. மலைமேல் உள்ள காடு அந்த மழையை இலையில் வாங்கி, சருகில் இறக்கி, வேர் வழியாக மண்ணுக்குள் அனுப்புகிறது. மண் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுகிறது. மழை விட்டு வெயில் அடித்த பிறகும் அருவி விழுந்துகொண்டிருக்கிறது என்றால் அதற்குக் காரணம் இந்தக் கசிவு. அருவித் தண்ணீரில் மூலிகை கலந்து வருகிறது, அதனால் நோய் தீர்கிறது என்பது மக்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நான் கேலி செய்யவில்லை. அது உண்மையானால் மூலிகை வளரும் இடத்தைக் காப்பதுதானே முதல் வேலை? நாமோ அருவிக்கரையில் கடை கட்டினோம், விடுதி கட்டினோம், வண்டி நிறுத்த இடம் தேடினோம். எண்ணெயும் சீயக்காயும் சோப்பும் ஷாம்புவும் சிற்றாற்றில் கலந்து தாமிரபரணி வரை போயின. கடைசியில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட்டுத்தான் அவற்றைத் தடுக்க வேண்டியிருந்தது.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவனைக் கொண்டுபோனது உங்களுக்கு நினைவிருக்கும். மேலே காட்டில் என்ன மழை பெய்கிறது என்பதைக் கீழே குளிக்கிறவர் அறிவதற்கு வழியில்லாமல் ஒரு சுற்றுலா நடந்தால் அதற்கு நலச் சுற்றுலா என்ற பெயர் எப்படிப் பொருந்தும்?

இப்போது ஒரு பழைய கதைக்கு வருகிறேன். நம் மலைவாசஸ்தலங்கள் எப்படிப் பிறந்தன? உல்லாசத்துக்காகப் பிறந்தவை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவை உடம்பு தேற்றுவதற்காகப் பிறந்தவை. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரியில் ஏறினார். 1820-களின் தொடக்கத்தில் அங்கே கல் பங்களா கட்டினார். சமவெளியின் வெக்கையிலும் காய்ச்சலிலும் நலிந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களும் அதிகாரிகளும் தேறுவதற்கு இது ஏற்ற இடம் என்று மேலிடத்துக்கு விடாமல் எழுதினார். ஊட்டி அப்படித்தான் ஊரானது. கோடைக்கானல் கதையும் இதுவே. மதுரையில் இருந்த அமெரிக்க மிஷன் குடும்பங்கள் காய்ச்சலிலும் காலராவிலும் ஆட்களைப் பறிகொடுத்த பிறகு, 1845-இல் பழனி மலைமேல் வீடுகளைக் கட்டிக்கொண்டன. சுருக்கமாகச் சொன்னால், இருநூறு ஆண்டுகளாக நாம் காட்டில் நலச் சுற்றுலா நடத்திக்கொண்டிருக்கிறோம்.

அதன் விளைவு என்ன? குளிர்காய விறகு வேண்டும், சமைக்க விறகு வேண்டும். ஊரைச் சுற்றியிருந்த சோலைகள் வெட்டுப்பட்டன. விறகுப் பஞ்சம் வந்ததும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை மரத்தையும் தைல மரத்தையும் நட்டார்கள். பிறகு ஆலைகளுக்காகவும் நட்டார்கள். அவை பெரும்பாலும் போய் உட்கார்ந்த இடம் புல்வெளி. மேலிருந்து பார்த்தால் வெற்றிடம் மாதிரித் தெரியும் அந்தப் புல்வெளியும், பள்ளத்தில் ஒதுங்கி நிற்கும் சோலையும் சேர்ந்துதான் மலையின் நீர்த்தொட்டி. இன்று ஊட்டிக்குப் போகிறவர் உடம்புக்கு நல்லது என்று ஒரு பாட்டில் நீலகிரித் தைலம் வாங்கி வருகிறார். அந்தத் தைலம் தரும் மரம் நீலகிரியின் மரமே இல்லை. அதே சீகையைப் பிடுங்கிச் சோலையையும் புல்வெளியையும் மீட்பதற்கு வனத்துறை இப்போது பாடுபடுகிறது. உடம்பு தேற வந்த இடத்தில் மலைக்கு நோவு வந்துவிட்டது.

நெரிசலும் உச்சத்துக்குப் போய்விட்டது. 2024 மே 7 முதல் நீலகிரி, கோடைக்கானல் ஆகிய இரண்டு மலைக்கும் இ-பாஸ் கட்டாயம் என்று சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 கோடையில் வண்டிகளுக்கு எண்ணிக்கை வரம்பும் வந்தது. நீலகிரிக்கு வாரநாளில் 6,000, வாரக் கடைசியில் 8,000. கோடைக்கானலுக்கு 4,000, 6,000. இந்த எண்கள் சரியா தவறா என்று வணிகர்கள் வழக்காடலாம். இருநூறு ஆண்டுகள் கழித்து, நீதிமன்றத்தின் வாசலில், காடு எவ்வளவு தாங்கும் என்ற கேள்வியை முதன்முறையாக எண்ணில் கேட்கிறோம் என்பதைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன். அதைத் தொடக்கத்திலேயே கேட்டிருக்க வேண்டும்.

தொடக்கத்தில் கேட்டவர்கள் உண்டா? ஜப்பானில் ஒரு காட்டைச் சொல்கிறேன். நாகானோ மாநிலத்தில் அகெமாட்சு என்று ஒரு சிற்றூர். அங்கே அகசாவா காடு. கிசோ பள்ளத்தாக்கின் ஹினோகி மரங்கள் நிற்கும் காடு அது. 1982-இல் அந்நாட்டு வனத்துறை ‘வனக் குளியல்’ என்ற திட்டத்தை அறிவித்தபோது முதல் கூட்டம் நடந்தது அங்கேதான். வெளிநாட்டு மரம் மலிவாக வந்து குவிந்து, உள்நாட்டு மரத்தொழில் தளர்ந்திருந்த காலம் அது. மரத்தை வெட்டி விற்காமல் காட்டுக்கு வேறு பயன் உண்டா என்று யோசித்து எடுத்த முயற்சி. அருளாளர்கள் யாரும் கண்ட தத்துவம் என்று எண்ண வேண்டாம். அதிலும் வருமானக் கணக்கு இருந்தது.

ஆனால் அந்தக் காடு எப்படி மிஞ்சியது என்று பாருங்கள். பதினேழாம் நூற்றாண்டில் கோட்டைகளும் நகரங்களும் கட்டுவதற்காகக் கிசோவின் மரங்களை மொட்டையடித்தார்கள். காடு அழிகிறது என்று கண்ட ஓவாரி பிரபுக்கள் மலையை மூடினார்கள். மரத்தைத் தொட்டால் தலை போகும் என்று சொல்லும் அளவுக்குக் கடுமை காட்டினார்கள். அந்தக் கொடுமையை நான் மெச்சவில்லை. அன்று விட்டுவைத்த காடு வளர்ந்து முந்நூறு வயது தாண்டிய பிறகுதான் அதில் நடந்து பாருங்கள் என்று ஜனங்களை அழைத்தார்கள் என்பதைச் சொல்கிறேன். காடு முந்தியது, நடை பிந்தியது. மரம் ஏற்றுவதற்குப் போட்ட சிறு ரயில் பாதையின் ஒரு பகுதியைப் பயணிகளுக்குத் திருப்பிவிட்டார்கள். குளிர்காலத்தில் காட்டை மூடிவிடுகிறார்கள்.

அடுத்து அவர்கள் அளக்கத் தொடங்கினார்கள். 24 காடுகளில், ஒவ்வொன்றுக்கும் 12 இளைஞர்கள் என்ற திட்டத்தில் 280 பேரை வைத்து ஒரு களச் சோதனை நடந்தது. பாதிப் பேர் காட்டுக்கு, பாதிப் பேர் நகரத்துக்கு. மறுநாள் இடம் மாற்றம். காட்டில் இருந்தபோது நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் உமிழ்நீரில் உள்ள கார்டிசால் என்ற மன அழுத்தச் சுரப்பும் குறைந்திருந்தன. நிப்பான் மருத்துவக் கல்லூரியின் சிங் லீ என்ற மருத்துவர், மூன்று நாள் காட்டில் தங்கியவர்களின் இரத்தத்தைச் சோதித்தார். நோய்க்கிருமியோடு மல்லுக்கு நிற்கும் ஒருவகை வெள்ளணுக்களின் செயல் கூடியிருந்தது. ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்தும் அந்தக் கூடுதல் இருந்தது. இவற்றுக்கெல்லாம் முன்பே, 1984-இல், ரோஜர் உல்ரிக் என்ற அமெரிக்கர் ஒரு ஆய்வை வெளியிட்டார். பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 நோயாளிகளின் பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்த்தார். ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வலுவான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது.

இவற்றை எந்த அளவுக்கு நம்பலாம்? சிங் லீயின் முதல் ஆய்வில் இருந்தவர்கள் 12 ஆண்கள் மட்டும். 24 காட்டுச் சோதனையில் இருந்தவர்கள் ஆரோக்கியமான இளைஞர்கள். காட்டில் இருக்கிறோம் என்று தெரியாமல் ஒருவரைக் காட்டில் வைத்துச் சோதிக்கவும் முடியாது. ஆகவே இவை தருவது ஒரு நல்ல நம்பிக்கைதான், மருந்துச் சீட்டில்லை. மனம் இளகும், தூக்கம் வரும், அழுத்தம் கொஞ்சம் இறங்கும் என்று சொல்லலாம். சர்க்கரை மாத்திரையை நிறுத்து, புற்றுநோய் கரையும் என்று எவராவது விளம்பரப் பலகை வைத்தால், 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டத்தின்படி அவர் மேல் வழக்குப் போட வேண்டும். நலச் சுற்றுலாவின் மதிப்பு அதில் சொல்லப்படும் பொய்யின் அளவுக்குக் குறையும்.

ஜப்பானில் ஒரு காட்டுக்கு ‘வன சிகிச்சைத் தளம்’ என்று பெயர் கொடுப்பதற்கு முன்பு அந்தக் காட்டிலேயே இப்படிச் சோதித்துப் பார்க்கிறார்கள். 2006-இல் தொடங்கி இன்று 60-க்கு மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன. தென் கொரியா 2015-இல் இதற்கென்று சட்டமே இயற்றி, பயிற்சி பெற்ற வழிகாட்டிகளை நியமிக்கிறது.

வழிகாட்டிகள் என்றதும் நம் மலைக்குத் திரும்புகிறேன். இந்த மலைத்தொடரில் தெற்கே போனால் அகத்தியமலை. 2016 முதல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளப் பட்டியலில் இருக்கிறது. அங்கே காணி மக்கள் வாழ்கிறார்கள். நம் பக்கம் இஞ்சிக்குழி, சேர்வலாறு, மயிலாறு போன்ற குடியிருப்புகள். மேற்கே கேரளப் பக்கமும் அவர்களே. 1987-இல் புஷ்பாங்கதன் என்ற விஞ்ஞானியின் தலைமையில் ஒரு குழு அந்தக் காட்டுக்குப் போனது. கூட வந்த காணிகள் வழியில் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டு களைப்பே இல்லாமல் நடந்தார்கள். விஞ்ஞானிகளுக்கு மூச்சு வாங்கியது. அந்தச் செடிதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து உருவானது. கோவை ஆரிய வைத்திய நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தபோது 10 லட்ச ரூபாயும், விற்பனையில் 2 சதவீதமும் பேசப்பட்டன. அதில் பாதி காணிகளுக்கு. 1997-இல் அதற்கென ஒரு அறக்கட்டளையும் பதிவானது. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி ஏற்பாடு என்று உலகமே பேசியது.

ஆனால் அது முழுக்க நிறைவேறவில்லை. செடி காப்புக்காட்டில் இருக்கிறது. இலையைப் பறிக்கச் சட்டச் சிக்கல். வேறு இடத்தில் வளர்த்தால் அதே குணம் வருவதில்லை என்ற சிக்கல். எல்லாக் குடிகளையும் கேட்டா இதைச் செய்தீர்கள் என்ற மனத்தாங்கல். இதிலிருந்து நமக்கு ஒரு பாடம் உண்டு. பங்கு எவ்வளவு என்பதைப் போலவே, யாரைக் கேட்டுத் தொடங்கினோம் என்பதும் முக்கியம். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் கிராம சபைக்குப் பேசும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. நலச் சுற்றுலா என்று பலகை எழுதுவதற்கு முன்னால் அந்தச் சபையில் போய் உட்கார்ந்து பேச வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் திரும்பி வந்துவிட வேண்டும்.

கூட்டத்தை ஒழுங்குபடுத்த முடியாது, அது ஜனங்களின் உரிமை என்று ஒரு வாதம் வரும். பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்து அய்யனார் கோயிலைப் பாருங்கள். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் கோயில். ஆடி அமாவாசைக்குக் குடும்பம் குடும்பமாகப் போய்க் குடில் போட்டுத் தங்குவது வழக்கம். விறகும் குப்பையும் ஆற்றுத் தண்ணீரும் பெரும் பிரச்சினையாயின. பிறகு தங்கும் நாள்களைச் சுருக்கினார்கள். பிளாஸ்டிக்கைச் சோதனைச் சாவடியில் பிடித்தார்கள். அரசுப் பேருந்தில் வரச் சொன்னார்கள். முணுமுணுப்பு இருந்தது, இருக்கிறது. ஆனாலும் பக்தி குறையவில்லை. அய்யனார் பெயரால் ஜனங்கள் கட்டுப்படுவார்கள் என்றால் தங்கள் உடம்பின் பெயராலும் கட்டுப்படுவார்கள்.

சரி, நடைமுறைக்கு வருவோம். எப்படிச் செய்யலாம்?

முதலாவது, இடம். புலிகள் காப்பகத்தின் மையப் பகுதியில் அதிகம் போனால் 20 சதவீத இடத்தில்தான் சுற்றுலா என்று 2012-இல் தேசிய புலிகள் காப்பக ஆணையம் நெறி வகுத்தது. நமக்கு அந்த 20-கூட வேண்டாம். அடிவாரக் காட்டின் ஓரம் போதும். ஏற்கெனவே உள்ள ஒற்றையடிப் பாதை போதும். காட்டுக்குள் புதிதாக ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது. தங்குவது ஊருக்குள், வீடுகளில்.

இரண்டாவது, காலம். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024-இல் அரசு 40 மலையேற்றப் பாதைகளை இணையப் பதிவோடு திறந்து, உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களை வழிகாட்டிகளாக்கியது. நல்ல தொடக்கம். நம் பாதையும் தீக்காலத்தில் மூட வேண்டும், பெருமழைக் காலத்தில் மூட வேண்டும். மூடியிருக்கும் நாள்களையும் திட்டத்தின் பகுதியாக எண்ண வேண்டும்.

மூன்றாவது, மருத்துவம். மாரடைப்பு வந்தவர், மூச்சிரைப்பு உள்ளவர் நடக்கலாமா என்று சொல்ல ஆரம்ப சுகாதார நிலையத்தின் துணை வேண்டும். அங்கே பாம்புக்கடி மருந்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பாதையைத் திறக்க வேண்டும். செடி கொடிகளைச் சொல்லிக் கொடுக்கப் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது.

நான்காவது, கணக்கு. ஒரு உதாரணம் போடுகிறேன். குழுவுக்கு 12 பேர், நாளைக்கு இரண்டு குழு, வருடத்தில் 200 நாள். மொத்தம் 4,800 பேர். ஆளுக்கு 600 ரூபாய் என்றால் 28,80,000 ரூபாய். ஒவ்வொரு குழுவிலும் 7,200 வருகிறது. வழிகாட்டிகள் இருவருக்கு ஆளுக்கு 1,000 வீதம் 2,000. சாமைச் சோறும் சுக்குக் காப்பியும் ஆக்கித் தரும் மகளிர் குழுவுக்குத் தலைக்கு 150 வீதம் 1,800. மீதி 3,400. வருடத்துக்கு 13,60,000. இதைக் கிராம சபையின் கணக்கில் போட்டு, உண்ணிச்செடியைப் பிடுங்கவும், தீத்தடுப்புக் கோடு வெட்டவும், பாதைக்கு ஓய்வு கொடுக்கவும் செலவிடலாம். ஒரு பெரிய விடுதிக்காரருக்கு இது சில்லறைக் காசு. ஒரு சிற்றூருக்கு இது கௌரவமான பிழைப்பு. ஆசைப்பட்டு 12-ஐ 50 ஆக்கினால் பாதை சேறாகும், பறவை ஒதுங்கும், வருகிறவர் கேட்கப்போவது ஒருவர் பேச்சை ஒருவர். அப்போது விற்பதற்குச் சரக்கே இருக்காது.

ஐந்தாவது, அளவை. வருகிறவரின் இரத்த அழுத்தத்தை அளப்பது போலக் காட்டையும் அளக்க வேண்டும். பாதை ஓரத்தில் எத்தனை பறவைகள், ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவு, கருமந்தி அந்தப் பக்கம் வருகிறதா, மிதிபட்டு மண் இறுகிவிட்டதா என்று பருவத்துக்குப் பருவம் பதிவு செய்ய வேண்டும். மனிதக் கணக்கு ஏறி, காட்டுக் கணக்கு இறங்கினால் அந்தப் பாதையை மூட வேண்டும். இந்த ஒரு விதியை முதல் நாளே தீர்மானமாக எழுதி வைத்தால்தான் மற்ற நான்கும் நிற்கும்.

கடைசியாக, யாருக்காக இதெல்லாம்? நலச் சுற்றுலா என்றதும் சென்னையிலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் கார் வரும் என்று மனம் கணக்குப் போடுகிறது. தலைப்பில் ‘உள்ளூர்’ என்று இருக்கிறது. இந்த மாவட்டத்தில் கடையநல்லூரிலும் ஆலங்குளத்திலும் கடையத்திலும் காலை முதல் மாலை வரை முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்கள் இருக்கிறார்கள். இடுப்பு வலி, கழுத்து வலி, புகையிலைத் தூசியால் இருமல். அவர்கள் வீட்டு வாசலில் நின்றால் மலை தெரிகிறது. ஆனால் அந்த மலையில் ஓய்வாக ஒரு காலைப்பொழுது நடக்கலாம் என்று அவர்களை யாரும் கூப்பிட்டதில்லை. நடந்தால் அன்றைய கூலி போகும்.

ஆகவே இந்த அவையின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். சம்பந்தப்பட்ட கிராம சபை சம்மதித்தால், அடிவாரத்தில் இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு பாதையைத் தேர்ந்தெடுங்கள். அதில் முதல் ஒரு பருவம் காசுக்கு ஆள் விடாதீர்கள். வாரம் ஒரு நாள் 12 பீடித் தொழிலாளர்களை அழைத்துப் போங்கள். அன்றைய கூலியையும் கொடுங்கள். அதற்கு நன்கொடை கேட்டால் இந்த ஊர் வணிகர்கள் கொடுப்பார்கள். பீடித் தொழிலாளர்களுக்கென்றே முக்கூடலில் மத்திய அரசு மருத்துவமனை இருக்கிறது. போகும் முன்னும் வந்த பின்னும் அங்கே அவர்களுடைய அழுத்தத்தையும் தூக்கத்தையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதே வாரங்களில் கல்லூரிப் பிள்ளைகள் பாதையோரத்துப் பறவைகளை எண்ணட்டும். பருவம் முடிந்ததும் இரண்டு ஏடுகளையும் இதே மேடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்போம். அந்தப் பெண்களுக்குக் குணம் தெரிந்து, பறவைக் கணக்கும் குறையாமல் இருந்தால், அடுத்த பருவத்தில் வெளியூர்க்காரர்களுக்குச் சீட்டு விற்கலாம். இரண்டில் ஒன்று தவறினாலும் விற்க வேண்டாம்.